வெள்ளைப் பாதைக்கு வெளிய மூணு சுத்து

என் வலது கால்ல அப்போ நாலு வெரல்தான். கட்ட வெரல போன வருஷம் எடுத்துட்டாங்க. புலி கடிச்சுச்சு, லாரி ஏறிருச்சுன்னு இருந்தா சொல்லிக்கவாச்சும் கெத்தா இருக்கும். எனக்குக் கெடச்சது ஒரு ஆணி. அரை இஞ்சு இருக்கும். செலிப்பர் அடியில ஏறி, ரப்பரத் தாண்டி, வெரலுக்குள்ள பூந்து, ரெண்டு நாளு என்கூடவே வேலைக்கு வந்துருக்கு. ஒரு கல்யாணத்துக்கும் வந்து பந்தியில உக்காந்துட்டுப் போயிருக்கு. எனக்குத் தெரியவே இல்ல. இருபது வருஷ இனிப்பு நீரு, அதான் சக்கர வியாதி, கால்ல இருந்த உணர்ச்சிய சத்தம் போடாம தின்னு முடிச்சிருச்சு.

வெரல எடுத்த டாக்டர் சின்னப் பொண்ணு, என் மக வயசுதான் இருக்கும். கட்டு பிரிச்ச அன்னிக்கு பேனாவ எடுத்து என் கணுக்காலுக்குக் கீழ ஒரு தட்டு தட்டிச்சு. "அங்கிள், இந்தக் கால்ல இன்னொரு புண்ணு வந்தா வெரலோட நிக்காது. இங்க வரைக்கும் வரும்."

நான் சிரிச்சேன். "பாதி கால் போச்சுன்னா ஷூ பாதி வெலைக்குக் குடுப்பானா?"

டாக்டர் சிரிக்கல. பக்கத்துல நின்ன என் வீட்டுக்காரியும் சிரிக்கல. அன்னைலேருந்து வீட்டுக்குள்ளயும் ஷூதான். தெனம் சாயந்திரம் நாற்காலியில உக்கார வச்சு, டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியுமா என் உள்ளங்காலப் பாப்பா. பழைய காடி வாங்க வந்தவன் வண்டி அடியில குனிஞ்சு துரு பாப்பானே, அந்த மாதிரி. நான் செனாய் பக்கம் ஒரு கிடங்குல போர்க்லிப்ட் ஓட்டுறவன். பெடல மிதிக்கிறதே இந்தக் காலுதான். கால் போனா அந்த வேலையும் போச்சு. இத அவ வாயத் தொறந்து சொன்னதில்ல. டார்ச் அடிக்கிறப்ப அவ மூஞ்சியப் பாத்தாலே போதும்.

நாலஞ்சு மாசம் வீடு, கிடங்கு, ஆஸ்பத்திரின்னு சுத்திச் சுத்தி எனக்குப் பைத்தியம் புடிக்கிற மாதிரி ஆயிருச்சு. ஒரு சனிக்கிழம லீவு. "கடலப் பாக்கணும்னு தோணுது. நண்டு சாப்பிட்டுட்டு வந்துரலாம்"னு கேட்டேன். அவ ரொம்ப நேரம் யோசிச்சா.

"போலாம். ஒரு கண்டிஷன். வழியில எந்தக் கோயிலுக்கும் போகக் கூடாது."

வெள்ளிக்கிழம தவறாம கோயிலுக்குப் போறவ வாயிலேருந்து இது வந்துச்சு. கோயிலுன்னா ஷூவக் கழட்டணுமே, அதுக்குத்தான். நான் ஒடனே ஒத்துக்கிட்டேன். நண்டுக்காக நான் எதுக்கும் ஒத்துக்குவேன்.

காடிய ஓட்டினது மச்சான். என் வீட்டுக்காரியோட அண்ணன். முப்பது வருஷம் அன்னாசி லாரி ஓட்டுனவரு. அந்தப் பக்கத்து ரோட்டுல எந்த எடத்துல எத்தன குழின்னு தூக்கத்துலயும் சொல்லுவாரு. ரெங்கத்துல பசியாறிட்டு, சிம்பாங் ரெங்கம் தாண்டி, பெனுட் போற ரோட்டுல ஏறினோம். ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். அது முடிஞ்சதும் அன்னாசி. கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் முள்ளு முள்ளா, ஆள் இல்லாம.

கொஞ்ச தூரத்துல பொக வாடை அடிச்சுச்சு. கண்ணாடிய ஏத்தினோம். அப்பயும் உள்ள வந்துச்சு. முன்னாடி ரோடு மங்கலாயிருச்சு. சூரியன் வெட்டி வச்ச பப்பாளி மாதிரி தொங்குச்சு. அன்னாசிக் காட்டு நடுவுல தீயணைப்பு வண்டி ஒண்ணு நின்னுச்சு. ரெண்டு பேரு குழாயப் புடிச்சு வெறும் மண்ணுல தண்ணி அடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நெருப்புன்னு ஒரு பொட்டு கூடக் கண்ணுல படல.

"எங்க மச்சான் எரியுது?"

"கீழ மாப்ள. இந்த ஊரு மண்ணே மக்குன எல, மக்குன வேரு. மழ இல்லன்னா உள்ளுக்குள்ளயே புடிச்சு எரியும். மேல பாரு, அன்னாசி பச்சப் பசேல்னு நிக்குது. ஒரு நாளு எவனாச்சும் கால வைப்பான், முட்டி வரைக்கும் உள்ள போயிரும்."

"போதும்ணே, ரோட்டப் பாத்து ஓட்டுங்க"ன்னா என் வீட்டுக்காரி, பின் சீட்டுலேருந்து.

பொகையத் தாண்டினப்ப நான் ரேடியோவப் போட்டேன். இரைச்சல்தான் வந்துச்சு, அமத்திட்டேன்.

கடக்கரை ரோட்டுக்கு வந்ததும் வானம் வெளுத்துருச்சு. பொக இல்ல, மேகமும் இல்ல. வெயிலு சுத்தமா, மொரட்டுத்தனமா அடிச்சுச்சு. கிராமத்துப் பக்கம் கம்பத்து வீடுங்க, பாக்கு மரம், தென்ன மரம், வாசல்ல காயுற துணி. ஒரு வளைவுல மச்சான் காடிய மெதுவாக்கினாரு. வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு முனீஸ்வரன் கோயிலு. லாரிக்காரங்க கோயிலு. போறவன் வரவனெல்லாம் ஆரன் அடிச்சு, நிறுத்தி, ஒரு கட்டி சூடமாச்சும் கொளுத்திட்டுத்தான் போவான்.

"அண்ணே…"ன்னா என் வீட்டுக்காரி.

"முப்பது வருஷத்துல ஒரு தடவ கூட நிக்காமப் போனதில்லமா. லாரி ஓட்டுறத விட்டுட்டேன்னு இன்னைக்குப் போயிட்டா அவரு என்ன நெனப்பாரு? நீ மட்டும் வா. மாப்ள காடியிலயே இருக்கட்டும். அஞ்சு நிமிசம்."

அவ என்னைத் திரும்பிப் பாத்தா. "எறங்கக் கூடாது."

"எறங்கினா ஏன்னு கேளு"ன்னேன். அந்தச் சமயத்துல உண்மையாவே எறங்குற எண்ணம் எனக்கு இல்ல.

உள்ள அன்னைக்கு விசேஷ பூஜை போலருக்கு. கூட்டம். காடிக் கண்ணாடிய எறக்கிட்டு உக்காந்திருந்தேன். என்கூட முன்னாடி வேல செஞ்ச ஒரு ஆளு, பொண்டாட்டி புள்ளைங்களோட வந்தவன், என்னப் பாத்துட்டான்.

"என்னா தலைவா, முனியாண்டிகூட சண்டையா? வாசல்ல உக்காந்து மொறைக்கிறீங்க?"

"அவருதான் என்கிட்ட பேசுறதில்ல"ன்னேன். சிரிச்சிட்டுப் போனான். எனக்குத்தான் சிரிப்பு அடங்கிப் போச்சு. வாசல்ல பிச்ச எடுக்க வந்தவன் மாதிரி இருந்துச்சு.

அப்பதான் அவளப் பாத்தேன். அர்ச்சனைத் தட்டப் புடிச்சுக்கிட்டு, கண்ண மூடிக்கிட்டு, கூட்டத்துல நிக்கிறா. கோயிலு வேணாம்னு சொன்னவ. யாருக்காக அந்தத் தட்டுன்னு எனக்குத் தெரியாதா? என் பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லப் போறா, என் காலுக்காகக் கேக்கப் போறா. கேக்க வேண்டிய ஆளு காடி சீட்டுல சாஞ்சு உக்காந்திருக்கான்.

ஷூவக் கழட்டினேன். சாக்ஸ் மிஞ்சுச்சு. சாக்ஸோட போயிருந்தா இத எழுதுற அவசியமே வந்திருக்காது. ஆனா வேட்டி கட்டுனவங்க நடுவுல சாக்ஸ் போட்டுக்கிட்டு நான் மட்டும் ஜப்பான் டூரிஸ்ட் மாதிரி நிக்கிறத நெனச்சுப் பாத்தேன். அதையும் கழட்டி ஷூவுக்குள்ள சுருட்டி வச்சேன். அட அலமாக், எப்பேர்ப்பட்ட அறிவாளி பாருங்க.

உள்ள போனதும் அவ கண்ணு மொதல்ல என் காலுக்குத்தான் போச்சு. மூஞ்சி வெளுத்துருச்சு. திட்ட வாயத் தொறந்தா. அதுக்குள்ள பூசாரி முன்னாடி வந்து நின்னுட்டாரு. "பேரு, நட்சத்திரம்?" சாமி முன்னாடி எப்பிடித் திட்டுறது? சொன்னா. மண்டபத்துத் தர நல்லா சில்லுனு இருந்திருக்கணும், அவளும் கொஞ்சம் எறங்கி வந்தா. "இங்கயே நில்லுங்க. நான் மூணு சுத்து சுத்திட்டு வரேன். அசையாதீங்க."

கோயிலச் சுத்தி வெளிப் பிரகாரம். செவப்பு சாயம் அடிச்ச சிமெண்டு, மேல கூரை இல்ல. வெயிலுக்காக நடுவுல ஒன்ற அடி அகலத்துக்கு வெள்ள பெயிண்ட் அடிச்சு பாத போட்டிருந்தாங்க. வெள்ள சூடு ஏறாதுல. சனம் எல்லாம் அந்தக் கோட்டு மேலதான் வரிசையா போச்சு. அதுலயே சில பேரு நுனிக்கால்ல ஓடுறாங்க. கோட்ட விட்டு எறங்குனவன் ரெண்டாவது அடியில துள்ளுறான்.

என் காலுக்காக அவ சுத்துறா, நான் தூணுல சாஞ்சு நிக்கிறேன். மனசு கேக்கல. பின்னாடியே எறங்கிட்டேன்.

மொத மூலையில கைத்தடி ஊனுன ஒரு அம்மா, சூடு தாங்காம பாதியில திரும்பி எதுக்க வந்தாங்க. அவங்களுக்கு வழி விட்டு வெள்ளப் பாதைய விட்டு எறங்குனேன். திரும்ப ஏற எடமில்ல, வரிசை நிக்காம வந்துக்கிட்டே இருந்துச்சு. சரி, இப்பிடியே போலாம்னு செவப்பு சிமெண்டுலயே நடந்தேன். ஒண்ணும் தெரியல. நெசமா ஒண்ணுமே தெரியல. நல்ல மெத்தையில நடக்குற மாதிரி.

எனக்குப் பின்னாடி மச்சான். அவரு கோட்டு மேலயே தவ்வித் தவ்வி வந்தாரு. "யப்பா, தோசைக்கல்லு மாதிரி இருக்கு! மாப்ள, ஒனக்குச் சுடல?"

"பக்தி வேணும் மச்சான். ஒங்களுக்கெல்லாம் பக்தி பத்தல."

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. நான் ஆளுங்க சிரிச்சா விடமாட்டேன், அது என் வியாதியில இன்னொண்ணு. ரெண்டாவது சுத்துல கையக் கூப்பிக்கிட்டு, கல்யாண மாப்ள மாதிரி நிதானமா நடந்தேன். மூணாவது சுத்துல பூசாரி படிக்கட்டுல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. "தீ மிதிச்ச கட்ட போலருக்கு. பூ மேல நடக்குற மாதிரி நடக்குறாரு"ன்னாரு. நான் ஜென்மத்துல தீ மிதிச்சதில்ல. தீமிதிக்குப் போனா கேமராவப் புடிச்சுக்கிட்டு கடைசி வரிசையில நிப்பேன். ஆனாலும் தலைய ஆட்டுனேன்.

அவ எனக்கு முன்னாடி சுத்துனா. அதனால எதையும் பாக்கல. சுத்தி முடிச்சு, சாமி முன்னாடி விழுந்து கும்பிட்டுட்டு அவ மண்டபத்துக்கு வந்து என்னைப் பாத்தப்ப நான் அதே தூணுல சாஞ்சு நின்னுக்கிட்டு இருந்தேன். மச்சான் ஏதோ சொல்ல வந்தாரு, நான் கண்ணக் காட்டுனேன். அவரும் நண்டு ஞாபகத்துல விட்டுட்டாரு.

காடிக்கு வந்து சாக்ஸையும் ஷூவையும் நானே மாட்டிக்கிட்டேன். "காட்டுங்க, காலப் பாக்குறேன்"ன்னா. "நடு ரோட்டுலயா? வீட்டுல போயி பாத்துக்கலாம்"ன்னேன். இப்ப நெனச்சாலும் அந்த ஒரு வரியச் சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுது.

குக்கூப் பக்கம் நாங்க நண்டு சாப்பிடப் போன ஊரே தண்ணி மேல நிக்குது. கட்டைய நட்டு, பலகையப் போட்டு, அது மேல வீடு, கடை, தெரு எல்லாமே. நாங்க போனப்ப தண்ணி வத்திருந்துச்சு. வீட்டுக்கு அடியில வெறும் சேறு. சாம்பக் கலர்ல மினுமினுன்னு. சேத்து மேல மீனுங்க நடக்குது. கண்ணு ரெண்டும் தல மேல முட்டிக்கிட்டு, எங்களயே பாத்துக்கிட்டு. ஒரு காக்கா பலக ஓரத்துல உக்காந்து, நாங்க கிட்டப் போயும் பறக்கல.

சீனரோட சாப்பாட்டுக் கடை. நண்டு, லாலா சிப்பி, கங்கோங் கீர. எனக்கு தே ஓ கோசோங், பாலும் சீனியும் போடாத தேத்தண்ணி. மச்சான் ஐஸ் மைலோவ உறிஞ்சிக்கிட்டு என்னப் பாத்து வேணும்னே "ஸ்ஸ்"னு சத்தம் போட்டாரு. நண்டு நல்லாத்தான் இருந்திருக்கணும். எனக்கு ருசி ஞாபகம் இல்ல. ஞாபகம் இருக்கிறது ஷூ சத்தம்தான். சாப்பிட்டு எழுந்து படகு ஏறுற ஜெட்டி வரைக்கும் நடந்தோம். வலது ஷூ ஒவ்வொரு அடிக்கும் 'சளக், சளக்'னுச்சு.

"மாப்ள, ஒன் ஷூ அழுவுது"ன்னாரு மச்சான்.

"வேர்வ மச்சான். கடக்கரைக்கு வந்து ரொம்ப நாளாச்சுல, காலும் உணர்ச்சிவசப்படுது."

அவ நின்னுட்டா. "கழட்டுங்க."

"ஒண்ணுக்குப் போயிட்டு வந்து கழட்டுறேன் லா."

கடைக்காரர் வீட்டுக்குள்ளதான் கக்கூஸ். பளபளன்னு தொடச்ச பலகத் தர. வாசல்லயே ஷூவக் கழட்டணும், அந்த வீட்டு வழக்கம் அது. இந்தத் தடவ நான் புத்திசாலி, சாக்ஸோடதான் போனேன். திரும்பி வரப்ப தரையப் பாத்தேன். வாசல்லேருந்து கக்கூஸ் வரைக்கும் பலகையில ஈரமா தடம். ஒரு அடி விட்டு ஒரு அடி, வலது காலு மட்டும். லேசா ரோஸ் கலர்ல. கடைக்காரரோட பூன மொதத் தடத்துல மூஞ்சிய வச்சு மோந்துக்கிட்டு இருந்துச்சு.

நான் என்ன செஞ்சேன் தெரியுமா? வாசல்ல நின்ன மச்சானைக் கூப்பிட்டேன். "மச்சான், இங்க பாருங்க. எவனோ நண்டுச் சாற மிதிச்சுட்டு ஒத்தக் கால்லயே நடந்து போயிருக்கான்."

மச்சான் குனிஞ்சு பாத்தாரு. நானும் பாத்தேன். தடத்துல குதிகால் இருந்துச்சு. வெளிப்பக்கம் இருந்துச்சு. உள்பக்கம், கட்ட வெரல் பதியணும்ல, அந்த மூலையில ஒண்ணுமே இல்ல. சுத்தமான பலக.

மச்சான் நிமிரவே இல்ல. குனிஞ்ச வாக்குலயே "தங்கச்சி"ன்னு கூப்பிட்டாரு. அந்தக் கொரல நான் அவரு வாயில அதுக்கு முன்ன கேட்டதில்ல.

அவ என்ன வாசப்படியில உக்கார வச்சா. சாக்ஸ உரிச்சா. அதோட கூடவே தோலும் வந்துச்சு. நான் அத மீன் வெட்டுறவனப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தேன். எடது காலுல பெரிய கொப்புளம், ஒடையல. வலது காலுல ஒடஞ்சு, நசுங்கி, ஷூவுக்குள்ளயே ரெண்டு மணி நேரம் அரைபட்டுருக்கு. கீழ சேத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சிருச்சு. பலக இடுக்கு வழியா அந்தச் சத்தம் கேட்டுச்சு. கடைக்காரம்மா ஒரு சுத்தமான துணியக் கொண்டாந்து நீட்டுச்சு.

"சுத்துனீங்களா?"ன்னு அவ கேட்டா.

"மூணு"ன்னேன்.

அதுக்கப்புறம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவ என் காலத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, காடி குழியில குதிக்கிறப்பல்லாம் ரெண்டு கையாலயும் தாங்கிப் புடிச்சா. முப்பது வருஷமா எல்லாக் குழியும் மனப்பாடமா இருந்த மச்சான், அன்னைக்கு ஒண்ணையும் விடல.

அவசரப் பிரிவுல ஒரு மலாய்க்காரர், மருந்து கட்டுறவரு. காலத் தொட்டு "சாகிட்?"னு கேட்டாரு. வலிக்குதான்னு.

"தாக்"ன்னேன். இல்லன்னு. கொஞ்சம் பெருமையாவே சொன்னேன் போல. அவரு கைய எடுத்துட்டு, நர்ஸ் மிஸ்ஸியக் கூப்பிட்டு, பெரிய டாக்டருக்கு போன் பண்ணச் சொன்னாரு. வலிக்கலன்னா அது நல்ல சேதி இல்லன்னு இருபது வருஷமா எல்லாரும் சொல்லியிருக்காங்க. எனக்குப் புரிஞ்சது அந்தாளு மூஞ்சியப் பாத்தப்பதான்.

படுக்க வச்சாங்க. ரெண்டாம் நாளு காலு செவந்து, வீங்கி, செவப்பு மேல ஏறிக்கிட்டு இருந்துச்சு. ஒரு டாக்டர் வந்து, செவப்பு முடியிற எடத்துல, பாதத்தச் சுத்தி கறுப்பு மார்க்கர்ல ஒரு கோடு போட்டாரு. செவப்பு இந்தக் கோட்டத் தாண்டுனா ஒடனே ஆபரேஷன்தான், எவ்வளவு எடுக்கணும்னு உள்ள பாத்துத்தான் தெரியும்னு சொல்லிட்டுப் போனாரு. கோடு, சின்ன டாக்டர் பேனாவால தட்டுன எடத்துக்கு நாலு வெரக்கட கீழ இருந்துச்சு. அந்த நாலு வெரக்கடதான் எனக்கு மிச்சம்.

எனக்குப் பாக்கத் துணிவு இல்ல. சுவத்தப் பாத்துப் படுத்துக்குவேன். அவதான் காலையில போர்வைய வெலக்கிப் பாப்பா. அதே டார்ச்.

"தாண்டிருச்சா?"

மூணாம் நாளு காலையில டார்ச்ச அமத்திட்டு, "கொஞ்சம்"ன்னா.

ரெண்டாவது கோடு போட்டாங்க. அன்னைக்கே சுண்டு வெரலையும் பக்கத்து வெரலையும் எடுத்துட்டாங்க, உள்ள கெட்டுப்போன சதையையும் வழிச்சாங்க. அப்புறம் ரெண்டாவது கோட்டுக்கிட்ட வந்து அது நின்னுச்சு. அங்கயே நின்னுச்சு. பாதம் இருக்கு. போர்க்லிப்ட் இல்ல. கிடங்குல இப்ப என்ன உக்கார வச்சு பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட விட்டுருக்காங்க. ரெண்டு வெரலோட இருக்கிற காலுக்கு ஷூ பாதி வெலைக்குக் கெடைக்காது, கேட்டுப் பாத்துட்டேன்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதிருக்கவே மாட்டேன். நேத்து மச்சான் வீட்டுக்கு வந்தாரு. ஒரு மாதிரியா இருந்தாரு. தண்ணி குடுத்தா குடிக்கல.

"அந்தக் கோயிலுக்குப் போனேன் மாப்ள. சூடம் கொளுத்த. பூசாரி ஒன்னப் பத்தித்தான் பேசுறாரு. ஒருத்தரு வந்தாரு, வெள்ளப் பாதைய விட்டு எறங்கி மூணு சுத்து நடந்தாரு, கால்ல ஒரு சூடு கூடப் படல, அப்பேர்ப்பட்ட பக்தின்னு. எல்லார்கிட்டயும் சொல்றாரு."

நான் சிரிக்கப் போனேன்.

"சிரிக்காத. இப்ப அஞ்சாறு பேரு கோட்ட விட்டு எறங்கி நடக்குறாங்க. வேண்டிக்கிட்டு. நான் பாத்தேன். பாதிப் பேரு துள்ளிட்டு ஓடி வந்துட்டாங்க. ஒருத்தரு மட்டும், ஒன் வயசு இருக்கும், நிதானமா நடந்தாரு. பூ மேல நடக்குற மாதிரி."

நான் குனிஞ்சு என் ஷூவப் பாத்தேன்.

"நீங்க சொல்லலையா மச்சான்? எனக்கு என்ன ஆச்சுன்னு?"

"எப்பிடிச் சொல்றது?"ன்னாரு. "அன்னைக்கு ஒனக்குச் சுடலன்னு பாத்தது நான்தான். பாத்துட்டு சிரிச்சதும் நான்தான். வாய் வரல மாப்ள."

என் வீட்டுக்காரி அடுப்படியிலேருந்து வந்து நின்னா. கையில டார்ச். சாயந்திர நேரம் ஆயிருச்சு, பாக்கணும்ல. எனக்கு முன்னாடி தரையில உக்காந்து, ஷூ நாடாவ அவுத்தா.

"நாளைக்குச் சனிக்கிழம"ன்னா. "மத்தியான பூஜைக்கு முன்னாடி போயிரணும். வாசல்லயே நாற்காலி போட்டு உக்காருங்க. கால தரையில வைக்க வேணாம், வலது ஷூவ மட்டும் கழட்டி, வெரல் போன காலத் தூக்கி வச்சு எல்லாருக்கும் காட்டுங்க. அந்தப் பூசாரிக்கு மொதல்ல."

"சரி."

"இன்னொண்ணு." உள்ளங்காலுக்குக் கீழ கண்ணாடியப் புடிச்சுக்கிட்டே, நிமிராம சொன்னா. "யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது."

சரின்னேன். ராத்திரி முழுக்க என்ன சொல்லணும்னு யோசிச்சுப் பாத்தேன். ஜோக் இல்லாம எப்பிடி ஆரம்பிக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல.